சந்தை சின்னது என்றால்?

வணக்கம். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பார்வையற்றவர்களுக்காக ஒரு செயலி செய்ய ஆசை. எந்த நிரல்மொழியில் எழுதுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். ஆனால் முதலீட்டாளர்கள், 'சந்தை சின்னது' என்று கைவிரித்துவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு நானே இறங்கலாமா? இதையே வாழ்நாள் தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?
- ச.

அன்புள்ள ச.,

அவர்கள் சொன்னது சரிதான், அதற்கு நீங்கள் ஏன் சோர்ந்துபோனீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை, சந்தை பெரிதாக இருந்தால் இந்நேரம் வேறு யாராவது செய்து விற்றுக்கொண்டிருப்பார்களே.

ஜிம் ஃப்ரக்டர்மேன் என்று ஒரு அமெரிக்கப் பொறியாளர். (முதலில் வேலை பார்த்தது ஒரு ராக்கெட் திட்டத்தில். ராக்கெட் ஏவுதளத்திலேயே வெடித்தது, அது தனிக்கதை.) 1980களில் அச்செழுத்தைக் கணினியே படிக்கும் தொழில்நுட்பத்துக்காக நண்பர்களோடு ஒரு நிறுவனம் தொடங்கினார். அதை வைத்துப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக்காட்டும் கருவி செய்யலாம் என்றதும் முதலீட்டாளர்கள் மறுத்துவிட்டார்கள், ஆண்டுக்கு 10 லட்சம் டாலர்தான் தேறும் என்று. சரி என்று 1989இல் ஆர்கன்ஸ்டோன் என்ற லாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கி அந்தக் கருவியை விற்றார். ஆமாம், காசுக்குத்தான். 2000இல் அதையும் ஒரு வணிக நிறுவனத்திடம் 50 லட்சம் டாலருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். என் குழந்தை என்று கட்டிக்கொண்டு உட்காரவில்லை பாருங்கள், எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

அப்புறம் 2002இல் புக்‌ஷேர் என்ற இணைய நூலகம். பார்வையற்றவர்கள் ஆளாளுக்கு ஒரே புத்தகத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள், ஒருவர் செய்ததை எல்லோருக்கும் கொடுத்தால் என்ன? தொழில்நுட்பத்தில் பெரிய வித்தை எதுவும் இல்லை. 1996இல் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது: இப்படிப்பட்ட லாப நோக்கற்ற அமைப்புகள் பதிப்பாளரின் அனுமதி இல்லாமலே படியெடுத்து, அச்சைப் படிக்க முடியாதவர்களுக்குக் கொடுக்கலாம். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் புக்‌ஷேர் திருட்டுப் புத்தகக் கடையாகியிருக்கும். முதலில் பயனாளிகள் சந்தா கட்டினார்கள், 2007இல் அந்நாட்டுக் கல்வித்துறை நிதி கொடுத்தபிறகு அங்கே மாணவர்களுக்கு இலவசமானது.

வாழ்நாள் தொழிலாக முடியுமா என்றால், அவருக்கு முடிந்திருக்கிறது. ஆனால் வேலையை இப்போது விடாதீர்கள். உங்கள் கடிதத்தில் நிரல்மொழி வரை வந்துவிட்டது, அந்தச் செயலியைக் கேட்ட ஒரே ஒரு ஆள்கூட இல்லை. முதலில் நாலு பேரிடம் போய் உட்கார்ந்து, அவர்கள் இப்போது அந்த வேலையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பாருங்கள், செல்பேசியிலேயே இருக்கும் வசதி போதும் என்றுகூடச் சொல்லலாம். போதாது என்றால், ஐந்தாவது வருஷம் சர்வர் வாடகையை யார் கட்டப்போகிறார்கள் என்பதற்குப் பதில் தேடிவிட்டு எழுதுங்கள், ராஜினாமாவைப் பற்றி அப்போது பேசலாம்.