தோட்ட வரைபடமும் மென்பொருளும்: கேள்வி பதில்

நிலத்தோற்ற வடிவமைப்புக்கான கேட் (கணினியில் வரைபடம் போடும்) மென்பொருள்கள் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, கடைசி ஆண்டு படிக்கிறேன். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப், வெக்டர்வொர்க்ஸ்... முதலில் எதைக் கற்பது?

ஆட்டோகேட். 1982இல் வந்தது, இன்னும் சர்வேயரும் பொறியாளரும் அதன் கோப்பு வடிவமான டிடபிள்யூஜியைத்தான் கைமாற்றிக்கொள்கிறார்கள். லேயர் (வரைபடத்தின் அடுக்குகள்), பிளாக் (திரும்பத் திரும்பப் பயன்படும் குறியீடு), எக்ஸ்ரெஃப் (வேறு கோப்பை இணைத்துக் காட்டுவது), லேஅவுட் (அச்சுக்கான தாள் அமைப்பு) இந்த நான்கும் கைக்கு வந்துவிட்டால் மற்ற மென்பொருள்கள் சீக்கிரம் பிடிபடும். அடுத்தது முப்பரிமாண மாதிரிக்கு ஸ்கெட்ச்அப். வெக்டர்வொர்க்ஸ் லேண்ட்மார்க்கில் செடி, பாதை, நிலமட்டம் எல்லாவற்றுக்கும் தனிக் கருவிகள் உண்டு. தனியாகத் தொழில் செய்யப் போகிறவர்களுக்கு அது நல்ல தேர்வு.

கேள்வி: மேடம், சர்வே கோப்பை எக்ஸ்ரெஃபாக இணைத்தால் மூலையில் ஒரு புள்ளியாகத் தெரிகிறது. ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். சர்வே மீட்டரில் இருக்கிறது, உங்கள் கோப்பு மில்லிமீட்டரில் இருக்கிறது. கையால் பெரிதாக்கினால் சர்வேயரின் ஆயத்தொலைவுகள் போய்விடும். அடுத்த முறை திருத்திய கோப்பு வரும்போது எதுவும் எதனோடும் பொருந்தாது. சர்வே கோப்பைத் திறந்து யூனிட்ஸ் கட்டளையில் செருகும் அளவு மீட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். பல நேரம் அலகே குறிக்காமல் விட்டிருப்பார்கள். அதைச் சரிசெய்து சேமித்துவிட்டு மறுபடி இணைத்தால் தானாகவே அளவுக்கு வரும். பிறகு உண்மை நீளம் தெரிந்த ஒன்றை, வாசல் அகலமோ சுவர் நீளமோ, அளந்து பார்க்காமல் ஒரு கோடும் போடாதீர்கள்.

அதே கோப்பை ஸ்கெட்ச்அப்புக்குக் கொண்டுபோவதாக இருந்தால், ஒரு நகல் எடுத்து அதைத் தொடக்கப் புள்ளிக்கு அருகே நகர்த்திக்கொள்ளுங்கள். தொடக்கப் புள்ளியிலிருந்து லட்சக்கணக்கான மீட்டர் தள்ளி இருந்தால் கோடுகள் நடுங்கும், பரப்புகள் உடைந்து தெரியும்.

கேள்வி: அக்கா, செடிகளைக் கையால் எண்ணித்தான் பட்டியல் போடுகிறேன். ஒவ்வொரு முறையும் கணக்கு மாறுகிறது.

வெறும் வட்டம் வரையாமல், பெயர், நடும்போதுள்ள உயரம், இடைவெளி எல்லாவற்றையும் பண்புகளாகச் சேர்த்து ஒவ்வொரு செடி வகைக்கும் ஒரு பிளாக் செய்யுங்கள். ஆட்டோகேட்டின் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் கருவி அந்தப் பண்புகளைப் படித்துப் பட்டியலை எடுத்துக் கொடுத்துவிடும். லேண்ட் எஃப்எக்ஸ் போன்ற துணைமென்பொருள் இருந்தால் இன்னும் சுலபம்.

தரைமூடிச் செடிகளில்தான் எண்ணிக்கை ஏமாற்றும். 10 சதுர மீட்டர் பாத்தி, 30 செ.மீ. இடைவெளி என்று வையுங்கள். சதுரக் கட்டமாக நட்டால் 10ஐ 0.09ஆல் (0.3 × 0.3) வகுக்க வேண்டும், 111 செடி. முக்கோண வரிசையில் நட்டால் அந்த 0.09ஐ 0.866ஆல் பெருக்கிவிட்டு வகுக்க வேண்டும், 128 செடி வரும். மென்பொருள் எந்த முறையில் கணக்கிடுகிறது என்று பார்த்து, அதையே வரைபடக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள். நடுபவர் வேறு முறையில் நட்டால் பாத்தி முடியும் முன்பே செடி தீர்ந்துபோகும், இல்லையேல் மிஞ்சும்.

கேள்வி: மேடம், சமவரைகளை (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) வைத்து நிலப்பரப்பை உருவாக்கினேன். தாங்குசுவர் இருக்கும் இடம் சரிவாக வழிந்து நிற்கிறது. ஏன்?

மென்பொருள் நிலத்தை முக்கோணங்களாகத்தான் பின்னுகிறது. சுவருக்கு மேலே ஒரு புள்ளி, கீழே நாலு மீட்டர் தள்ளி ஒரு புள்ளி என்று கொடுத்தால் இரண்டையும் நேராக இணைத்துவிடும். இடையில் சுவர் இருப்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சுவரின் மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் தனித்தனி பிரேக்லைன்களாக (முக்கோணங்கள் தாண்டக்கூடாத கோடுகளாக), சரியான உயரத்தோடு வரையுங்கள். ஒரே இடத்தில் இரண்டு உயரம் இருக்க முடியாது என்பதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து மில்லிமீட்டர் அளவுக்காவது விலக்குங்கள். பாதை ஓரக் கற்களுக்கும் படிகளுக்கும் இதே வழிதான். வெட்டி நிரப்பும் மண் கணக்கை சிவில் 3டி போன்றவற்றில் போடுங்கள். ஸ்கெட்ச்அப்பின் சேண்ட்பாக்ஸ் பரப்பு யோசனையைக் காட்டப் போதும், மண் லாரி கணக்குக்கு அதை நம்பவேண்டாம்.

கேள்வி: காசு கொடுக்க முடியாத நிலை. இலவசமாக எதுவும் உண்டா?

இருபரிமாண வரைபடத்துக்கு லிப்ரேகேட், நில வரைபடத் தரவுக்கு க்யூஜிஐஎஸ், முப்பரிமாணத்துக்கு பிளெண்டர். கோப்புகளை டிஎக்ஸ்எஃப் (பல மென்பொருள்களும் படிக்கும் வரைபடக் கோப்பு) வடிவில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: அக்கா, லூமியானில் (முப்பரிமாண மாதிரியை நிஜம்போல் படமாக்கும் மென்பொருள்) படம் போட்டதும் வாடிக்கையாளர் உடனே சம்மதிக்கிறார். நட்ட பிறகு "படத்தில் இருந்ததுபோல் இல்லையே" என்கிறார்.

மென்பொருளின் மாதிரி நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் முழுதாக வளர்ந்த மரங்கள். அவர் அதை நட்ட மறுநாள் காட்சி என்று நினைத்துவிடுகிறார், அவர்மேல் தப்பில்லை. ஒரே கேமரா கோணத்தில் மூன்று படம் கொடுங்கள்: நடும்போது, ஐந்து ஆண்டில், முழு வளர்ச்சியில். பெரிய மரத்தைச் சுருக்கி வைத்தால் கன்று ஆகிவிடாது. கன்றின் தண்டும் கிளையமைப்பும் வேறு, இளமரத்துக்கான மாதிரியையே தேடி வையுங்கள். ஒப்புதல் கையெழுத்தை முதல் படத்திலும் வாங்குங்கள்.