வடுவூரிலிருந்து கோடியக்கரை வரை: சைக்கிளிலும் நடந்தும், கேள்வி பதில்

காவிரி டெல்டாவின் சரணாலயங்களைச் சைக்கிளில் சுற்றுவது பற்றிக் கொஞ்ச நாளாகவே பலர் கேட்டு வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். பதினைந்து வருடமாகக் கார்த்திகை, மார்கழியில் நான் போகும் பாதை இதுதான்: வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், முத்துப்பேட்டை, கடைசியில் கோடியக்கரை. ஊருக்கு ஊர் சைக்கிள், உள்ளே போனால் நடை. இந்த இடங்களைப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அண்ணா, போன மே மாதம் நண்பர்களோடு வடுவூர் போனேன். ஏரியில் தண்ணீரே இல்லை, நாலு மாடு மேய்ந்துகொண்டிருந்தது. எப்போதுதான் போவது? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

தம்பி, வடுவூர் பறவைக்காக வெட்டின ஏரி இல்லை, பாசன ஏரி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் ஆறு, வாய்க்கால் எல்லாம் கடந்து வந்து ஆகஸ்ட் வாக்கில் ஏரியில் ஏற ஆரம்பிக்கும். வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை காய்ந்துதான் கிடக்கும். அதனால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை போங்கள். அணை திறப்பது தள்ளிப்போன வருடம் பறவைகளும் தள்ளித்தான் வரும். கிளம்பும் முன் பேப்பரில் மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. விவசாயி பார்க்கிற அதே செய்திதான்.

வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. கோடியக்கரை 2002இலேயே சேர்ந்துவிட்டது, தமிழ்நாட்டில் முதல் இடம் அதுதான். உலகமே கவனிக்கிற ஏரிகள், ஆனால் நம் வயலுக்குப் பாய்கிற தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. எனக்கு இந்தப் பகுதியை அவ்வளவு பிடிக்கக் காரணமே அதுதான்.

மூன்று நாள் விடுப்பு இருக்கிறது சார். எப்படிப் பிரித்துக்கொள்வது? (வங்கி ஊழியர், திருச்சி)

முதல் நாள் விடியற்காலையில் தஞ்சாவூரிலிருந்து கிளம்புங்கள். வடுவூர் சுமார் 25 கிலோமீட்டர். ஏரிக்கரையில் ஒரு மூன்று மணி நேரம் நடந்துவிட்டு மன்னார்குடியில் சாப்பாடு. வெயில் தாழ்ந்ததும் திருத்துறைப்பூண்டி, ராத்திரி அங்கேயே தங்கல். மறுநாள் காலை முத்துப்பேட்டைப் பக்கம் போகிற வழியில் உதயமார்த்தாண்டபுரம். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மாலைக்குள் வேதாரண்யம். மூன்றாம் நாள் முழுவதையும் கோடியக்கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தரை தட்டையாகத்தான் இருக்கும், மேடு என்றால் ஆற்றுப் பாலம் ஏறுவதுதான். அதனால் ஒரே நாளில் 100 கிலோமீட்டர் மிதித்துவிடலாம் என்று தோன்றும். மிதிக்கலாம்தான், ஆனால் ஒன்றையும் பார்க்க மாட்டீர்கள்.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும்போது பறந்து போனேன், திரும்பும்போது உயிரே போய்விட்டது. என் சைக்கிளில் ஏதாவது கோளாறா? (பட்டுக்கோட்டை)

சைக்கிளில் ஒன்றும் இல்லை, அது வாடைக்காற்று. மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வீசும். நீங்கள் தெற்கே போனபோது முதுகில் தள்ளியது, வடக்கே திரும்பினபோது முகத்தில் அடித்தது. உப்பளம் இருக்கிற பக்கம் காற்றைத் தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. போகும்போது கால் வலிக்கவில்லை என்றால் திரும்பும் வழி சிரமப்படுத்தும் என்று முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள். காற்று வலுக்கும் முன், காலையிலேயே திரும்பி மிதிப்பது நல்லது. முடியாவிட்டால் வெயில் தணியும் வரை காத்திருங்கள். ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், அப்போது கணக்கு தலைகீழாகிவிடும்.

அதே சாலையில் அகஸ்தியன்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13ஆம் தேதி திருச்சியில் கிளம்பி, ராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் நடந்தே வந்து உப்பு அள்ளிய இடம். ஐந்து நிமிடம் இறங்கி நின்றுவிட்டுப் போங்கள்.

கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம். வீட்டில் இருக்கிற சைக்கிள் போதும். மெல்லிய டயர் மட்டும் வேண்டாம், அகல டயராக இருக்கட்டும். இந்தப் பக்கம் எதிரி கருவை முள். சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்டிருக்கிற கரையில் ஏறினால் முள் டயருக்குள் முழுதாக இறங்கி, வெளியே கறுப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, உடைந்த முனையைப் பிடுங்கிவிடுங்கள். இதைச் செய்யாமல் புது டியூபைப் போட்டால் பத்தாவது நிமிடம் அதுவும் போய்விடும். மாற்று டியூப் இரண்டு, பம்பு, பங்க்சர் ஒட்டும் சாமான், மூன்று லிட்டர் குடிதண்ணீர். வேதாரண்யம் தாண்டினால் நல்ல தண்ணீரை நம்ப முடியாது.

சரணாலயத்துக்குள் இஷ்டம்போல நடக்கலாமா, அல்லது அனுமதி வாங்க வேண்டுமா? (கும்பகோணம்)

1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். கோடியக்கரையில் அனுமதிச்சீட்டு வாங்கிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். எந்தத் தடத்தில் போகலாம், சைக்கிளை உள்ளே விடுவார்களா, நடந்துதான் போக வேண்டுமா என்பதில் அங்கே இருக்கிற வனக்காப்பாளர் சொல்வதுதான் முடிவு. அவரோடு வாதாடாதீர்கள். வெளிமான் எந்தப் புல்வெளியில் மேய்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். வழிகாட்ட ஆள் கிடைத்தால் காசு கொடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். ட்ரோன் கொண்டு வரவே வராதீர்கள்.

உதயமார்த்தாண்டபுரத்தில் கூடுகளைக் கிட்டத்தில் படம் எடுக்க எவ்வளவு தூரம் போகலாம்? (புகைப்பட ஆர்வலர், சென்னை)

கரையை விட்டு இறங்கவே கூடாது. ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் ஒருமுறை இறங்கியிருக்கிறேன். ஆரம்ப வருடங்களில், நத்தைக்குத்தி நாரைக் கூடுகளை இன்னும் கொஞ்சம் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டு, தண்ணீர் ஓரமாகப் பத்தடி முன்னால் போனேன். ஒரு மரத்திலிருந்த நாரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. அடுத்த நிமிடம் இரண்டு காகங்கள் வந்து இறங்கின. ஒன்று முட்டையைக் கொத்திக்கொண்டு போனதைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டே நின்றேன். தாய்ப்பறவை திரும்பி வந்து அதே கூட்டில் மறுபடி உட்கார்ந்தது. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

கரையில் உட்கார்ந்தபடியே எவ்வளவோ பார்க்கலாம். நத்தைக்குத்தியின் அலகை நன்றாகக் கவனியுங்கள். மேல் அலகும் கீழ் அலகும் நடுவில் சேராமல் ஒரு சந்து இருக்கும், அந்தப் பக்கத்து வானம் அதன் வழியே தெரியும். நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுக்க அமைந்த அலகு அது. குஞ்சுக்கு அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் வரும். வயலில் நத்தை இருக்கிறவரைதான் இந்தப் பறவை. பூச்சிமருந்தைக் குறைத்து அடிக்கிற ஒவ்வொரு விவசாயிக்கும் நான் மனசார நன்றி சொல்கிறேன்.

இரண்டு முறை கோடியக்கரை வந்தும் பூநாரையைப் பார்க்க முடியவில்லை. ஏமாற்றமாக இருக்கிறது. (ஆசிரியை, கரூர்)

வருத்தப்படாதீர்கள் அம்மா. பூநாரை ஓரிடத்தில் நிலையாக நிற்கிற பறவை இல்லை. சதுப்பில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இருக்கும் இடம் தேடி நகர்ந்துகொண்டே இருக்கும். மழை அதிகமாகித் தண்ணீர் ஆழமானால் வேறு பக்கம் போய்விடும். அடிவானத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்து, அது நெளிந்தால் அதுதான். இறக்கையை விரிக்கும்போதுதான் சிவப்பு தெரியும்.

ஆனால் அடுத்த முறை தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல், உப்பளத்து ஓரச் சேற்றில் காலடிக்குச் சற்றுத் தள்ளிப் பாருங்கள். கொசு உள்ளான் என்று ஒரு சின்னப் பறவை, 25 கிராம்கூடத் தேறுவது அபூர்வம். தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் பக்கத்துப் பனிநிலத்தில். அங்கிருந்து பறந்து வந்து நம் வேதாரண்யத்துச் சேற்றில் பசியாறுகிறது. சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் பயம் தெளிந்து அதுவே பக்கத்தில் வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி வருகிறார்கள். காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் நிறத்தைக் குறித்து அவர்களுக்கு அனுப்புங்கள்.

பைனாகுலர் 8x42 வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், மங்கின வெளிச்சத்திலும் தெளிவு இருக்கும். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுங்குவதும் பன்னிரண்டு மடங்கு.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் நடக்க முடியுமா? (தஞ்சாவூர்)

நடக்க முடியாது. சேறு இடுப்புவரை இழுக்கும், மூச்சுவேர்களையும் மிதித்து ஒடித்துவிடுவோம். ஜாம்புவானோடை வரை சைக்கிள், அங்கிருந்து படகு. அதற்கும் வனத்துறையிடம் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெண் தனியாகப் போகலாமா அண்ணா? பாம்பு பயமும் இருக்கிறது. (மயிலாடுதுறை)

போகலாம் தங்கச்சி. ஆனாலும் முதல் முறை துணையோடு போங்கள், பெண்ணென்றில்லை, ஆணுக்கும் அதையேதான் சொல்வேன். உப்பளப் பாதையில் பங்க்சர் ஆனால் உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். இருட்டும் முன் ஊருக்குள் வந்துவிடுங்கள். வயல் வரப்பில் கண்ணாடி விரியன் உண்டு, கணுக்கால் மூடின ஷூ போடுங்கள், தரையைப் பார்த்து நடங்கள். கடித்துவிட்டால் கத்தியால் கீறுவதோ கயிறு கட்டுவதோ வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கஜா புயலுக்குப் பிறகு கோடியக்காடு எப்படி இருக்கிறது? நான் சின்ன வயதில் பார்த்த காடு. (வேதாரண்யத்துக்காரர், இப்போது சிங்கப்பூர்)

2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரை கடந்த பிறகு போய்ப் பார்த்தேன் ஐயா. நீங்கள் பார்த்த அந்த நிழல் இல்லை. வேரோடு சாய்ந்த மரங்கள், இலையே இல்லாத கிளைகள். மான்களும் குதிரைகளும் நிறையச் செத்துப்போயின. சில வாரங்கள் சைக்கிள் எடுக்கவே மனம் வரவில்லை.

பாலை மரம் சட்டென்று வளர்கிற சாதி இல்லை. ஆனால் காடு உயிரோடுதான் இருக்கிறது. போன தை மாதம் இராமர் பாதம் போகிற வழியில், சாய்ந்து கிடந்த ஒரு பழைய பாலையின் அடியிலிருந்து கைத்தடி பருமனில் மூன்று தளிர்க் கொம்புகள் நேராக எழுந்திருந்ததைப் பார்த்தேன். அதற்கப்பால் புல்வெளியில் ஒரு கலை (ஆண் வெளிமான்), கறுத்த முதுகும் முறுக்கின கொம்புமாக நின்று என்னையே பார்த்தது. நான் அசையாமல் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அது தலையைக் குனிந்து மறுபடி மேய ஆரம்பித்தது.

ஊருக்கு வரும்போது சொல்லுங்கள். 2023 ஏப்ரலிலிருந்து திருத்துறைப்பூண்டி, அகஸ்தியன்பள்ளி ரயில் மறுபடி ஓடுகிறது. அகஸ்தியன்பள்ளியில் இறங்குங்கள், உங்களுக்கும் ஒரு சைக்கிளோடு நான் ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன்.