மெல்லிய பெசல், அடுக்கு வயரிங்: கேள்வி பதில்

டிஸ்ப்ளே பேனல் வடிவமைப்புதான் என் வேலை. திரையின் ஓரத்தை (பெசல்) குறுக்க, சிக்னல் போகும் உலோக லைன்களை அடுக்கடுக்காக ஓட்டுவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: சார், என் மொபைலில் மூன்று பக்கமும் ஓரம் நூல் மாதிரி இருக்கிறது. கீழே மட்டும் ஏன் தடிப்பு?

பதில்: கூட்டமெல்லாம் கீழேதான். 1080 பிக்சல் அகலமுள்ள ஓஎல்இடி (பிக்சல்கள் தாமே ஒளிரும்) திரையில், பிக்சலுக்கு இரண்டு துணைப் பிக்சல் (ஒவ்வொன்றும் ஒரு நிறம்) என்ற அமைப்பில், பட சிக்னலைக் கொண்டுபோகும் 2160 டேட்டா லைன்கள் கீழே இறங்குகின்றன. திரையின் முழு அகலத்திலும் பரவி வருகிற அத்தனையும் அந்த சிக்னலை அனுப்பும் ஒரு சிறிய சிப்பை, அதாவது டிரைவர் ஐசியை, நோக்கிச் சாய்ந்து குவிய வேண்டும். அந்தச் சாய்வுப் பகுதிதான் ஃபேன்-அவுட். பக்கவாட்டில் இந்தத் தொல்லை இல்லை. வரிசைகளை இயக்கும் கேட் சர்க்யூட்டைப் பேனல் மேலேயே டிரான்சிஸ்டர்களாகக் கட்டிவிடுகிறோம்.

கேள்வி: இரண்டு அடுக்கில் ஓட்டினால் எவ்வளவு மிச்சமாகும்? கணக்கோடு சொல்ல முடியுமா?

பதில்: ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். படம் தெரியும் அகலம் 64.8 மி.மீ., லைன்கள் 2160. அப்படியானால் 30 மைக்ரோமீட்டருக்கு ஒரு லைன். ஐசி 30 மி.மீ. அகலம் என்றால், கடைசி லைன் பக்கவாட்டில் 17.4 மி.மீ. நகர வேண்டும்.

ஒரே உலோக அடுக்கில் லைன் 3, இடைவெளி 3, ஆக 6 மைக்ரோமீட்டருக்கு ஒன்றுதான் போடலாம். லைன்கள் கிடையாகச் சாயச் சாய ஒன்றையொன்று நெருங்கும். 6 மைக்ரோமீட்டருக்குக் குறையாமல் நிறுத்தினால், கிடைக்கோட்டிலிருந்து அளக்கும் சாய்வுக் கோணத்தின் சைன் 6/30, அதாவது 0.2. அந்தச் சாய்வில் 17.4 மி.மீ. நகர, ஃபேன்-அவுட் உயரம் சுமார் மூன்றரை மி.மீ. வருகிறது. ஒன்றுவிட்டு ஒரு லைனை அடுத்த அடுக்குக்கு மாற்றினால் 3 மைக்ரோமீட்டருக்கு ஒன்று, சைன் 0.1, உயரம் ஒன்றே முக்கால் மி.மீ. சரிபாதி!

கேள்வி: கூடுதல் அடுக்கு என்றால் கூடுதல் மாஸ்க் (அடுக்கின் வடிவத்தைப் பதிக்கும் அச்சு), கூடுதல் செலவு ஆகாதா?

பதில்: ஆகாது. எல்டிபிஎஸ் (ஒரு வகை சிலிக்கான் டிரான்சிஸ்டர்) ஓஎல்இடியில் பிக்சலுக்குள் கெப்பாசிட்டர் கட்டுவதற்காக இரண்டு மாலிப்டினம் அடுக்குகள் வழக்கமாக இருக்கும். அதையே வெளியிலும் பயன்படுத்திக்கொள்கிறோம்.

கேள்வி: அலுமினியத்துக்கு மின்தடை குறைவாயிற்றே. ஒரு அடுக்காவது அதில் போடலாமே?

பதில்: போடலாம், போடுவதும் உண்டு. ஆனால் மாலிப்டினத்தின் மின்தடைத்திறன் அலுமினியத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தடிமனையும் அகலத்தையும் வைத்துச் சரிக்கட்டாவிட்டால் ஒற்றைப்படை லைனும் இரட்டைப்படை லைனும் வேறு வேறு வேகத்தில் சார்ஜ் ஆகும். மங்கலான சாம்பல் நிறப் படம் போட்டுப் பார்த்தால் நெடுக்கு வரிகள் தெரிந்துவிடும். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே உலோகமாக இருப்பதுதான் நிம்மதி. நடு லைன் குட்டை, ஓர லைன் நெட்டை என்ற பிரச்சினை அப்போதும் இருக்கும். நடு லைனை வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டி நீளம் கூட்டுவோம்.

கேள்வி: அண்ணா, ஒன்றன்மேல் ஒன்றாக நேராக வைத்தால் இன்னும் இடம் மிச்சமாகுமே?

பதில்: நடுவில் இருக்கும் இன்சுலேட்டர் மிக மெல்லியது. நேர் மேலே வைத்தால் அந்த நீளம் முழுவதும் ஒரு கெப்பாசிட்டர். ஒரு லைனின் சிக்னல் மற்றதில் ஏறிவிடும். 2400 வரிசைகள், 120 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வரிசைக்குக் கிடைப்பது 3.5 மைக்ரோநொடிக்கும் குறைவு. அதற்குள் மின்னழுத்தம் நிலைக்கு வந்தாக வேண்டும்.

அதனால் கீழ் அடுக்கின் இடைவெளிக்கு நேராக மேல் அடுக்கின் லைன் வருமாறு தள்ளி வைக்கிறோம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள்: 3 மைக்ரோமீட்டர் சந்தில் 3 மைக்ரோமீட்டர் லைன். மாஸ்க் அரை மைக்ரோமீட்டர் நகர்ந்தால் ஒரு பக்கம் மேலேறிவிடும். அதற்குப் பயந்து லைனை ஒடுக்கினால் மின்தடை கூடும். எங்கள் நேரத்தையெல்லாம் தின்பது இந்த இழுபறிதான்.

கேள்வி: மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஐபோன் எக்ஸுக்கு எல்சிடி காம்போ (டச்சோடு சேர்ந்த மாற்றுத் திரை) போட்டால் ஓரம் தடித்துத் தெரிகிறது. ஏன்?

பதில்: 2017இல் வந்த அந்த போனின் அசல் திரை பிளாஸ்டிக் தளத்தில் செய்த ஓஎல்இடி. கீழ் விளிம்பையே பின்னால் மடித்து, ஐசி இணைப்பை முதுகுப் பக்கம் ஒளித்துவிட்டார்கள். எல்சிடி கண்ணாடியை அப்படி மடிக்க முடியுமா?

கேள்வி: ஃபேன்-அவுட்டையே படம் தெரியும் பகுதிக்குள் கொண்டுபோகிறார்களாமே?

பதில்: ஆமாம். ஓஎல்இடியில் ஒளி மேல்நோக்கி வெளியேறுவதால் பிக்சலுக்கு அடியில் லைன் ஓட்டலாம். ஓர லைன்கள் மேல் உலோக அடுக்கில் ஏறி, உள்ளேயே நடுப்பக்கம் வந்து, நேராக ஐசிக்கு இறங்கும். சிக்கல் என்னவென்றால், திரையை அணைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் லைன் ஓடும் இடம் தனியாகப் பளபளக்கும். அதை மறைக்க, லைன் இல்லாத இடங்களிலும் சும்மா டம்மி லைன்களை நிரப்புகிறோம். அப்புறமும் ஓரம் பூஜ்யம் ஆகாது. ஈரம் உள்ளே புகாமல் அடைக்கும் விளிம்புக்கு இடம் விட்டே ஆக வேண்டும்.