யோக்வான் என்றால் வைக்கிங் வீரனா?

கேள்வி: என் கணவர் டென்மார்க்குக்கு உட்பட்ட ஃபாரோ தீவுக்காரர். மகனுக்கு அவருடைய தாத்தா பெயரான யோக்வான் வைக்கப் போகிறோம். குடும்பத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவில் முன்னோர் ஒருவர் 'யோஎன்' என்று இருக்கிறார். இரண்டும் ஒன்றா? 'வைக்கிங் போர்வீரன்' என்று ஓர் இணையதளம் பொருள் சொல்கிறதே?

பதில்: ஒரே பெயர்தான். வீரனும் இல்லை, வாளும் இல்லை, நம்ம யோவான். எபிரேயத்தில் யோகனான், 'கடவுள் அருளினார்' என்று பொருள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதையே அருளப்பர் ஆக்கினார்கள். ரஷ்யாவில் இவான், அயர்லாந்தில் ஷான், ஸ்பெயினில் ஹுவான்.

நடுவில் 'க்வ்' ஏன்? திரு, ஆரூர் சேர்ந்தால் இடையில் ஒரு வகரம் வந்து திருவாரூர் ஆகிறதல்லவா? ஃபாரோ மொழி அந்த மாதிரி இடத்தில் 'க்வ்' போடும். தலைநகர் டோர்ஷாவ்ன் பக்கம் 'யெக்வான்' என்றே காதில் விழும்.

'யோஎன்' டேனிஷ் ஏட்டின் கைவண்ணம். ஃபாரோ மொழிக்கு இன்றைய எழுத்துமுறை வந்ததே 1846இல், ஹாமர்ஷைம்ப் என்ற மொழி அறிஞர் புண்ணியத்தில். அதற்குப் பிறகும் வெகுகாலம் சர்ச்சில் டேனிஷ்தான். வீட்டில் யோக்வான், ஏட்டில் யோஎன். இன்று அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு யோஎன்சன். யோஎன் மகன் என்பதுதான் அது.

ஒன்றில் மட்டும் கவனம். ஹான்ஸ், யென்ஸ் இரண்டும் இதே வேரில் முளைத்தவைதான். அதற்காக ஏட்டில் ஹான்ஸ் என்று இருப்பவரை உங்கள் யோக்வான் ஆக்கிவிடாதீர்கள். ஒரே வீட்டில் அண்ணன் யோக்வான், தம்பி ஹான்ஸ் என்று இருந்திருக்கலாம். ஊர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் பொருந்தினால்தான் ஒரே ஆள்.

வம்சாவளி தரகர்கள் வழுக்குவது, வழுக்க வைப்பது இங்கேதான். ஃப்ரேம் போட்டு, வைக்கிங் கப்பல் வரைந்து ஒருவர் விற்ற தாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். அதில் தம்பிக்குத் தம்பியே அப்பா! காசு கொடுக்காதீர்கள். பதிவேட்டு நகலை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், ரோமன் எழுத்தில் 'ஓ'வின் தலைமேல் ஒரு சாய்கோடு உண்டு. பிறப்புப் பதிவிலேயே அதைப் போடச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் அந்தக் கோடு காணாமல் போய்விடும். அது பிழை அல்ல. ஆனால் அந்த வரியைப் பார்த்து 'பெயர் பொருந்தவில்லை' என்று திருப்பி அனுப்பும் கவுன்டர்காரரிடம் பொறுமையாக இருங்கள். எனக்கு அது வராது.