பாண்டை விட அந்தக் காலி செக்கைத்தான் முதலில் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு ஊர் பாலக்கோடு. பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலைப் படிப்பு) முடித்து, சேலத்தில் அதன் முதுநிலையான எம்.பி.டி. முதலாம் ஆண்டு படிக்கிறேன். ஃபீஸ் கட்டுவதற்காக தர்மபுரியில் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் மாலை 6 முதல் 9 வரை பார்ட் டைம் வேலை பார்க்கிறேன். மாதம் 8,000 ரூபாய். சேரும்போது இரண்டு வருடம் வேலையை விட மாட்டேன் என்ற பாண்டில் (ஒப்பந்தப் பத்திரத்தில்) கையெழுத்து வாங்கினார்கள். பட்டச் சான்றிதழ் ஒரிஜினலையும், தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இப்போது படிப்புக்கான போஸ்டிங் (மருத்துவமனைப் பயிற்சி) நேரம் மாறிவிட்டது. வேலையை விட்டாக வேண்டும். "ஒரு லட்சம் கட்டிவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கோ" என்கிறார் உரிமையாளர். இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. என்ன செய்வது?

பதில்: ஒரு லட்சத்துக்காக யாரிடமும் கடன் வாங்காதீர்கள், அம்மா. படிப்புச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருள் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பணம் பாக்கி என்றே வைத்துக்கொண்டாலும், அதற்காகச் சான்றிதழைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது.

பாண்டே செல்லாது என்று சொல்ல மாட்டேன். நியாயமான பாண்டை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 74-ன்படி, பாண்டில் எழுதிய தொகை என்பது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். உங்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர் செலவு செய்தாரா? பட்டம் பெற்று வந்தவரை நேராக நோயாளியிடம் அனுப்பியிருந்தால், ஒரு லட்சம் நஷ்டம் என்று எதைக் காட்டுவார்?

எனக்குக் கவலை அந்த செக்தான். காலி செக் என்றாலும் கையெழுத்து உங்களுடையது என்றால், கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். இந்த செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கியில் ஸ்டாப் பேமென்ட் கொடுப்பது மட்டும் போதாது. அப்படித் திரும்பிய செக்குக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-ல் செக் பவுன்ஸ் வழக்கு வரலாம். ஆகவே அவர் செக்கை வங்கியில் போடுவதற்கு முன்பே உங்கள் கடிதம் அவர் கையில் இருக்க வேண்டும். அதில் இப்படி எழுதுங்கள்: "வேலையில் சேர்ந்தபோது, இன்ன எண்ணுள்ள காசோலையைத் தேதியும் தொகையும் நிரப்பாமல் பிணையாக மட்டும் கொடுத்தேன். உங்களுக்கு நான் கடன் எதுவும் தர வேண்டியதில்லை. காசோலையையும் சான்றிதழையும் ஏழு நாளில் திருப்பித் தரவும்." ராஜினாமாவையும் சம்பளப் பாக்கியையும் அதே கடிதத்தில் சேர்த்து, ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதையும் மீறி செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்தால், 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். "வரட்டும், பார்க்கலாம்" என்று நோட்டீஸை மேஜை டிராயரில் போட்டவர்கள்தான் பிறகு வாய்தா வாய்தாவாக அலைகிறார்கள்.

சம்பள விஷயம் எளிது. ஊதியச் சட்டத் தொகுப்பு 2019-ன்படி, ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாளில் பாக்கியைத் தர வேண்டும். பார்ட் டைம் என்பதால் இந்த உரிமை குறையாது. தராவிட்டால் தர்மபுரி தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ஜிபேயில் வந்த பழைய சம்பளமும், டியூட்டி நேரம் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்திகளும் சாட்சியாகும். இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம். இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கே போகலாம். போகும்போது பாண்டின் நகலோடு, அந்த செக்கின் எண் தெரியும்படி செக் புத்தகத்தையும் எடுத்துப் போங்கள்.