யானைச் சீல்களின் பட்டினிக் காலம்

அன்புள்ள ஐயா,

தென் அட்லாண்டிக் கடலிலுள்ள தெற்கு ஜார்ஜியா தீவுக்குச் சென்றுவந்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிங்கப்பூரின் காலாங் ஆற்றங்கரையில் துள்ளியோடும் நீர்நாய்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, அதிலிருந்த யானைச் சீல் எனும் கடல் பாலூட்டிகளின் படங்கள் அருவருப்பாக இருந்தன. சேற்றில் குவிந்து கிடக்கின்றன. தோல் கந்தலாகத் தொங்குகிறது. தொடக்கநிலை நான்கில் படிக்கும் என் மகள், "அவற்றுக்கு நோயா அம்மா?" என்று கேட்டாள். இந்தச் சோம்பேறி விலங்குகளைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்?

தெம்பனிசிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆம், அவற்றைப் பார்க்கத்தான் போனேன்.

உங்கள் மகள் கேட்டது நல்ல கேள்வி. படத்தில் இருப்பது நோயில்லை, ஆண்டுதோறும் நடக்கும் தோலுரிப்பு. யானைச் சீல் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கடலுக்குள் கழிக்கிறது. 2,000 மீட்டருக்கும் கீழே இறங்கியதும், ஒரே மூச்சில் 2 மணி நேரம்வரை மூழ்கியிருந்ததும் பதிவாகியிருக்கின்றன. அந்தக் குளிர்நீரில் உடற்சூட்டைக் காக்க, தோலுக்குச் செல்லும் இரத்தத்தை அது குறைத்துக்கொள்கிறது. புதுத் தோலும் முடியும் வளர வேண்டுமென்றாலோ இரத்தம் தோல்வரை வந்தாக வேண்டும். கடலில் அப்படி வந்தால் சூடெல்லாம் நீரோடு போய்விடும். அதனால்தான் கரையேறி, ஒன்றையொன்று ஒட்டிப் படுத்து, ஏறக்குறைய ஒரு மாதம் இரையின்றிக் கிடக்கின்றன. பழைய தோல் முடியோடு சேர்ந்து, மழையில் ஊறிய சுவரின் சாயம்போலப் பட்டை பட்டையாகக் கழன்று விழுகிறது. நாற்றம் குமட்டும், உண்மைதான். ஆனால் நீங்கள் சோம்பல் என்று கண்டது, கடலில் தின்று சேர்த்த கொழுப்பைச் செலவழித்து உடலைப் புதுப்பிக்கும் வேலை.

வளர்ந்த ஆண் 4 டன் எடைவரை இருக்கும். நான் போனது மார்ச்சில், பெரிய ஆண்கள் தோலுரிக்கும் பருவத்தில். தள்ளி நின்றுதான் பார்த்தோம். ஒன்று தலையைத் தூக்கி மூச்சுவிட்டபோது அந்த ஒலி என் நெஞ்சில் அதிர்ந்தது. அதன் கண்ணோரம் நீர் வழிந்துகொண்டிருந்தது. அழுகையில்லை, கண்ணீரை மூக்குக்கு வடிக்கும் குழாய் சீல்களுக்குக் கிடையாது. (மகளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.) பயத்தைவிட மரியாதையே எனக்குள் எழுந்தது. அந்தக் கொழுப்புக்காகவே அவற்றைக் கொன்று எண்ணெய் காய்ச்சினார்கள்; அந்தத் தீவில் 1960களின் நடுப்பகுதிவரை அது தொடர்ந்தது என்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

வருத்தம் என்னவென்றால், உண்மையான நோயும் வந்துவிட்டது. 2023இல் எச்5என்1 பறவைக் காய்ச்சல் தெற்கு ஜார்ஜியாவை எட்டியது. மூன்று பெரிய இனப்பெருக்கக் கரைகளை ஆளில்லா விமானத்திலிருந்து படமெடுத்து எண்ணினார்கள். 2022இல் இருந்ததைவிட 2024இல் பெண் சீல்கள் 47 விழுக்காடு குறைவு. ஒரு பெண் ஆண்டுக்கு ஒரே குட்டிதான் ஈனும் என்பதால் இந்த இழப்பு விரைவில் ஈடாகாது. அடுத்த கணக்கெடுப்பு வெளிவந்ததும் இங்கே எழுதுகிறேன், மகளிடம் சொல்லிவையுங்கள்.