மூன்று வாரமாகப் பாடமே நடக்கவில்லை, டீச்சரம்மா!

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வெளிநாட்டில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் கிண்டர்கார்டன் டீச்சராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பி.எட். முடித்திருக்கிறேன், ஆனால் அதில் படித்ததெல்லாம் பெரிய பிள்ளைகளுக்கு. சின்னப் பிள்ளைகள் என்றால் சண்டே ஸ்கூல் எடுத்த அனுபவம் மட்டும்தான். என் வகுப்பில் 18 பேர், எல்லாருக்கும் 5 வயது. பாதிப் பேருக்கு நான் பேசும் ஆங்கிலம் புரியாது, அவர்கள் பேசுவது எனக்குப் புரியாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து தயாரித்துக் கொண்டுபோவது காலை பத்து மணிக்குள் சிதறிவிடுகிறது. மூன்று வாரமாகப் பாடமே நடக்கவில்லை.

ஒரு பெண் குழந்தை தினமும் அம்மாவை விடாமல் அழுகிறாள். ஒரு பையன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான், இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அசிஸ்டன்ட்டாக இருக்கும் உள்ளூர் அக்கா அவர்கள் பாஷையில் ஒன்று சொன்னால் எல்லாரும் அடங்கிவிடுகிறார்கள். எனக்கு அவமானமாக இருக்கிறது. போன வாரம் பிரின்சிபால் எட்டிப் பார்த்து, "சத்தம் கொஞ்சம் அதிகமா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைதோறும் மனப்பாட வசனம் சொல்ல வைக்க வேண்டும். ஜெப நேரத்தில் ஒருவரும் கண்ணை மூடுவதில்லை. ஊழியம் என்று நினைத்துத்தான் வந்தேன், இப்போது பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வருகிறேன். ராஜினாமா கடிதத்தை போனில் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பிவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், நாட்டின் பெயரும் வேண்டாம்

மகளே,

டீச்சரம்மா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் நானும் 'நீ' என்றே எழுதுகிறேன்.

பாடம் நடக்கவில்லை என்கிறாய். முதல் ஐந்தாறு வாரத்துக்கு கேஜி வகுப்பில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பதுதான் பாடம். பையை எங்கே மாட்டுவது, செருப்பை எங்கே விடுவது, பாத்ரூம் போக எப்படிக் கேட்பது, மணி அடித்தால் என்ன செய்வது, டீச்சர் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம். இதெல்லாம் நமக்குக் கண்ணுக்கே தெரியாத விஷயங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடம். அதை விட்டுவிட்டு நேராக எழுத்துக்குப் போனால் பத்து மணிக்குக் கடை கட்ட வேண்டியதுதான்.

குளூ ஸ்டிக்கையே எடுத்துக்கொள். உன் வகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன். 18 பேருக்கும் காகிதமும் குளூ ஸ்டிக்கும் கொடுத்து, ஒருமுறை செய்து காட்டி, "இப்போ நீங்க" என்றிருப்பாய். ஐந்து நிமிடத்தில் நாலு பேர் கோந்தை முழுசாகத் திருகி வெளியே தள்ளியிருப்பார்கள், ஒருத்தி நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாள், மூடி பாதி தரையில். நாளைக்குக் காகிதமே கொடுக்காதே. வட்டமாக உட்கார வை. மூடியைத் திற. ஒரே ஒரு திருகு. காற்றில் ஒரு பொட்டு வை. திரும்பத் திருகு. மூடியைப் போட்டு அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் வரும் பார், அதுவரை அசைவோடு சேர்த்துச் சொல்லும் ஒற்றை ஆங்கிலச் சொல்லைத் தவிர வேறு எதுவும் பேசாதே. பிறகு ஒவ்வொருவர் கையிலும் கொடு. 18 'டக்' கேட்டு முடிய பத்து நிமிடம் ஆகும், அந்தப் பத்து நிமிடமும் அறை அமைதியாக இருக்கும். அடுத்தவன் மூடி 'டக்' சொல்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இதில் நீ பேசிய ஆங்கிலம் எவ்வளவு? நாலு சொல். அந்த நாலு சொல்லும் அவர்களுக்கு வந்திருக்கும். சொல்லையும் உடம்பின் அசைவையும் சேர்த்தே மொழியைக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960-களிலேயே இதை ஒரு முறையாக வகுத்துவிட்டார். நல்ல கேஜி டீச்சர்கள் அவர் சொல்வதற்கு முன்பிருந்தே செய்துவந்தது அது.

அடுத்தது, சுவரில் ஏழு படம் ஒட்டு. நீயே வரைந்தால் போதும், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பை, வட்டம், புத்தகம், கை கழுவுதல், விளையாட்டு, கதை, கடைசியில் கதவருகே நிற்கும் அம்மா. பக்கத்தில் ஒரு துணி கிளிப். ஒவ்வொன்றும் முடிந்ததும் கிளிப்பை அடுத்த படத்துக்கு நகர்த்த வேண்டும். அழுகிற குழந்தை கேட்பது "அம்மா எப்ப வருவாங்க?" என்ற ஒன்றைத்தான். "மூணு மணிக்கு" என்றால் அவளுக்கு அது ஒன்றும் இல்லை. இன்னும் நாலு படம் என்றால் அவள் விரலாலேயே எண்ணிப் பார்த்துக்கொள்வாள்.

அவள் அம்மாவிடமும் ஒன்று சொல். பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரத்தில் நைசாக நழுவிப் போவது கூடாது. அன்றைக்குத் தப்பித்துவிடலாம், மறுநாள் குழந்தை வாசலிலிருந்தே அம்மாவின் துணியைப் பிடித்துக்கொள்ளும். ஒரு முத்தம், ஒரு டாட்டா, தினமும் ஒரே மாதிரி, சுருக்கமாக. அம்மா தலை மறைந்து சில நிமிடத்தில் பெரும்பாலும் அழுகை நின்றுவிடும். வாசலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவுக்கு அது தெரியாது. நின்றதும் அலுவலகத்திலிருந்து ஒரு தகவல் போகச் செய்.

இப்போது மேசைக்கடியில் இருக்கும் என் கண்ணனுக்கு வருவோம். புது மொழிக்குள் வந்து விழுகிற பிள்ளைகள் பலர் முதலில் வாயையே திறக்க மாட்டார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்குச் சில மாதம். மொழி கற்பித்தலில் இதற்கு 'மௌன காலம்' என்றே பெயர். அந்த நேரமெல்லாம் காது வேலை செய்துகொண்டிருக்கும். இழுத்து வெளியே உட்கார வைக்காதே. "சொல்லு, சொல்லு" என்று முகத்தருகே போகாதே. கதை சொல்லும்போது உன் நாற்காலியை அந்த மேசைப் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள், போதும். கிளிப் நகர்த்தும் வேலையை அவனுக்குக் கொடு. அதற்குப் பேச்சே தேவையில்லை, ஆனால் அடுத்து என்ன என்று வகுப்பில் முதலில் தெரிவது அவனுக்குத்தான். ஒரு விஷயம் மட்டும் விசாரித்துக்கொள்: வீட்டில் சொந்த மொழியில் பேசுகிறானா? பேசுகிறான் என்றால் பொறுத்திரு. அங்கேயும் பேச்சில்லை, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் காதைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும், அதைத் தள்ளிப்போடாதே.

பேசுகிற பிள்ளைகளுக்கும் அவகாசம் கொடு. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி! 3 விநாடி காத்திருந்தபோது பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். அது தாய்மொழியில் படித்த பிள்ளைகளின் கதை. உன் பிள்ளைகளுக்கு மனசுக்குள் ஏழு வரை எண்ணு. முதல் நாள் உனக்குத்தான் மூச்சு முட்டும்.

அசிஸ்டன்ட் அக்கா விஷயத்தில் உன்னைக் கொஞ்சம் திட்டத்தான் வேண்டும். அவர் சொன்னால் அடங்குகிறார்கள் என்றால் அதில் உனக்கு என்ன அவமானம்? அவரிடம் மொழி இருக்கிறது, உன்னிடம் இல்லை, அவ்வளவுதான். அவர் இல்லாத ஒரு நாளைக் கற்பனை செய்து பார். அவரிடம் ஒரு நோட்டை நீட்டி பத்து வார்த்தை கேள்: வலிக்குது, வாந்தி வருது, பாத்ரூம், தண்ணீர், பயமா இருக்கு, நிறுத்து, அம்மா வருவாங்க, இப்படி. வலிக்குது என்று ஒரு பிள்ளை சொல்வது டீச்சருக்குப் புரியாமல் போகக் கூடாது. நீ தப்பும் தவறுமாகச் சொல்லும்போது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தப்பாகப் பேசினால் ஒன்றும் ஆகிவிடாது என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கும் தெரியும்.

ஜெபத்துக்கு வருகிறேன். கண்ணை மூடாததைப் பக்திக் குறைவாக எடுத்துக்கொள்ளாதே. புது இடத்தில், புது ஆட்கள் நடுவே கண்ணை மூடுவது ஐந்து வயதில் பெரிய தைரியம். கண் திறந்திருக்கட்டும், கைக்கு மட்டும் ஒரு வேலை கொடு. இரண்டே வாக்கியம், அதுவும் அவர்கள் அன்று பார்த்த விஷயத்துக்கு நன்றி: மழைக்கு, புது பந்துக்கு, காய்ச்சல் சரியாகி வந்த தோழிக்கு.

என் முதல் வருஷத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அதுவும் வெளிநாட்டில், ஒரு மிஷன் பள்ளியில்தான். சேட்டை தாங்காமல், "இயேசப்பா எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கார்" என்று விரலை ஆட்டிச் சொல்லிவிட்டேன். வகுப்பு கப்சிப். எனக்கோ பெருமை. இரண்டு நாள் கழித்து ஒரு குழந்தை பாத்ரூம் போகவே மாட்டேன் என்று அடம்பிடித்து உடுப்பை நனைத்துக்கொண்டாள். ஏன் என்று அவள் அம்மா கேட்டதற்கு, "அங்கேயும் பார்ப்பாராம், டீச்சர் சொன்னாங்க" என்றாளாம். அந்த அம்மா என்னிடம் கோபப்படக்கூட இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றோடு கடவுளை வைத்து மிரட்டுவதை விட்டேன்.

மனப்பாட வசனத்துக்கு, பைபிளின் 23-ஆம் சங்கீதத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கு. 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்ற பகுதி ஆங்கிலத்தில் ஐந்தே சொல், ஒரு கைக்கு ஐந்து விரல். ஒரு சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கிச் சொல்ல வை. தனித்தனியாக எழுப்பிக் கேட்காதே, கூட்டமாகச் சொல்லட்டும். வெறுமனே விரலை மட்டும் மடக்குகிறவனையும் சேர்த்துக்கொள்.

கதைகளில் உடம்பை அசைக்கிற கதைகளாகப் பார்த்து எடு. மரத்தில் ஏறும் சகேயு, நூறில் ஒன்று காணாமல் போன ஆடு, ஐந்து அப்பம் இரண்டு மீன். (பெருவெள்ளத்தில் பேழை கட்டித் தப்பிய நோவாவை நான் தள்ளித்தான் போடுவேன். "பேழைக்கு வெளியே இருந்தவங்க?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும், மூன்றாம் வாரத்தில் அதற்கு உன்னிடம் மொழி இருக்காது.) எரிகோ என்ற ஊரின் மதில் விழுந்த கதையை மட்டும் மறக்காதே. பைபிளில் யோசுவா 6-ஆம் அதிகாரத்தில் மதிலைச் சுற்றி வருகிற ஜனங்களுக்கு ஒரு கட்டளை உண்டு: நான் சொல்லும் நாள்வரை வாயிலிருந்து ஒரு பேச்சும் வரக்கூடாது. நடுவில் நாலு நாற்காலியைக் குவித்து, உதட்டில் விரலை வைத்து, ஏழு முறை சுற்றுங்கள். எண்ணிக்கைப் பாடம் ஆயிற்று. ஏழாவது சுற்று முடிந்ததும் அடித்தொண்டையில் கத்த விடு. மறுநாளிலிருந்து நடைபாதையில் வரிசையாகப் போகும்போது "எரிகோ" என்று நீ கிசுகிசுத்தால் போதும். உன் பிரின்சிபால் கதவைத் திறந்து பார்ப்பார், என்ன சத்தத்தையே காணோம் என்று.

அவர்மேல் வருத்தப்படாதே. சத்தம் என்று சொன்னதோடு விட்டாரே! 1837-இல் ஜெர்மனியில் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் இந்த மாதிரி வகுப்பை முதலில் தொடங்கியவர் ஃபிரெட்ரிக் ஃபுரோபல். 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840-இல் வைத்தவரும் அவரே. பாட்டும் விளையாட்டும் மரக்கட்டையும்தான் பாடத்திட்டம். பாதிரியார் வீட்டுப் பிள்ளை அவர். அப்படியிருந்தும் 1851-இல், அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்ய அரசு, இது நாத்திகத்தை வளர்க்கிறது என்று சொல்லி கிண்டர்கார்டன்களையே தடை செய்தது. மறுவருஷம் அவர் இறந்துவிட்டார், தடை நீங்கியது 1860-இல். நீயே பிரின்சிபாலிடம் போய், "ஒரு மாதம் கழித்து என் வகுப்பில் என்ன பார்க்க விரும்புகிறீர்கள்?" என்று கேள். பெரும்பாலும் நீ பயப்படுவதைவிடக் குறைவாகத்தான் கேட்பார். ஜெப முறை உன் சபையில் ஒரு மாதிரி, அங்கே வேறு மாதிரி என்றால் அதையும் அப்போதே கேட்டுக்கொள். வீட்டில் வேறு சாமி கும்பிடுகிற பிள்ளைகளிடம் எதை, எப்படிச் சொல்வது என்பதையும்.

சில விஷயங்களுக்கு விளக்கமே வேண்டாம், அப்படியே செய். குழந்தைகள் பாதுகாப்பு விதிகளைக் கேட்டு வாங்கிப் படி. மூடிய கதவுக்குப் பின்னால் ஒரு பிள்ளையோடு தனியாக இராதே. பிள்ளைகளின் படத்தை உன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதே, முகம் தெரியாவிட்டாலும். பட்டியலில் பெயர் இல்லாத யார் வந்து சிரித்துக்கொண்டே கேட்டாலும் பிள்ளையை அனுப்பாதே. யாருக்கு எது ஒவ்வாமை என்ற தாள் உன் மேசையில் இருக்க வேண்டும். உன் பாஸ்போர்ட் உன்னிடமே இருக்கட்டும்.

தண்ணீர் பாட்டிலைக் கூடவே வை, கத்திப் பேசாதே, முதல் டெர்மில் பிள்ளைகளிடமிருந்து சளி உனக்கும் வரும், தயாராக இரு. ராத்திரி முழுக்கத் தயாரிப்பதை நிறுத்திவிட்டுத் தூங்கு. பாத்ரூமில் அழுவது பற்றி: நானும் அழுதிருக்கிறேன். கையைக் கழுவுகிற சாக்கில் முகத்தையும் கழுவிவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

அந்த ராஜினாமா கடிதத்தை அழிக்கச் சொல்ல மாட்டேன். முதல் டெர்ம் முடியும்வரை திறந்து பார்க்காதே, அவ்வளவுதான். அதற்குப் பிறகும் போய்விட வேண்டும் என்று தோன்றினால் எழுது. ஒப்பந்தத்தில் எத்தனை நாள் நோட்டீஸ் என்று பார்த்து, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்புவது என்பதையும் சேர்ந்தே யோசிப்போம்.